சம்பந்திகளும் சாத்திக்கொண்ட கதவும்

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சம்பந்தியம்மாக்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கேக்.

மாப்பிள்ளையின் அம்மா பேக்கரி வைத்திருப்பவள். ஒரே மகன் கல்யாணத்துக்கு வேறு யார் கையையும் பட விடாமல், மூன்று அடுக்கு கேக்கைத் தானே செய்தாள். பெண்ணின் அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்தியே பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் பிரேக்கம்மா என்றே பேர் வந்துவிட்டது. "கேக்கை நான் கொண்டுவரேன். என் வண்டியில தண்ணியை டம்ளரோட வெச்சாக்கூட ஒரு சொட்டு சிந்தாது" என்று அவள்தான் வலியப் போய்ச் சொன்னாள்.

பேக்கரியம்மா வேனின் பின்பக்கம் தரையில் சம்மணம் போட்டு, கேக்கை அணைத்துப் பிடித்தபடி வந்தாள். மண்டபத்து வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அங்கே பிரேக்கம்மா போட்டாள் ஒரு பிரேக். மேல் அடுக்கு பேக்கரியம்மாவின் மடியில் இறங்கியது. நடு அடுக்கு கதவில் அப்பிக்கொண்டது. அடி அடுக்கு மட்டும், இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்த இடத்திலேயே இருந்தது.

"நாய் குறுக்க வந்துடுச்சு" என்றாள் பிரேக்கம்மா.

முகத்திலிருந்த க்ரீமை வழித்துப் போட்டுவிட்டுப் பேக்கரியம்மா எட்டிப் பார்த்தாள். ரோடு துடைத்து விட்ட மாதிரி இருந்தது. "எந்த நாய்?" என்றாள்.

அன்று அறுந்த பேச்சுதான். கேக்கை ஒழுங்காக வைத்துக் கட்டத் தெரியவில்லை என்று ஒரு பக்கமும், நாயும் இல்லை நரியும் இல்லை என்று இன்னொரு பக்கமும் கட்சி கட்டி நின்றார்கள். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, "உங்க அத்தைக்குத் தண்ணி வேணுமான்னு கேளும்மா" என்பாள் பிரேக்கம்மா. "போதும்னு உங்க அம்மாகிட்ட சொல்லும்மா" என்பாள் பேக்கரியம்மா. நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள், வெளியில் பல் டாக்டர், வீட்டில் தபால்காரி.

அந்த மகளிடமே இப்போது ஒரு சேதி இருந்தது. நல்ல சேதி. ஆனால் அதை யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் சிக்கல். அம்மாவிடம் முதலில் சொன்னால் அத்தைக்கு மனசு சுருங்கும். அத்தையிடம் சொன்னால் அம்மா ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். இன்னொரு கேக்கை இந்தக் குடும்பம் தாங்காது. அதனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை, ஒரே வாரக்கடைசிக்குத் தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள்.

முதல் நாள் சாயங்காலமே வீடு உர்ரென்று ஆகிவிட்டது. சோபாவின் இரண்டு முனைகளிலும் இரண்டு பேர். நடுவில் டிவி ரிமோட் மட்டும் அநாதையாகக் கிடந்தது.

"நாளைக்கு மியூசியம் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றான் மகன், சமையலறையில் குரலைத் தணித்து. அவன் தண்ணீர் வாரியத்தில் என்ஜினீயர். குழாய் வெடிப்பதற்கு முன்னாலேயே வால்வை மூடிவிட வேண்டும் என்று நினைக்கிற சுபாவம்.

"மியூசியமா? யாரோ படம் வரைஞ்சதைப் பார்க்க எதுக்குடி அவ்வளவு தூரம்னு எங்க அம்மா கேப்பாங்க."

"அங்க யாரும் சத்தம் போடக்கூடாது. போர்டே மாட்டியிருப்பாங்க. சுத்திப் பார்த்துட்டு, பின்னாடி தோட்டத்துல நிழலா ஒரு இடத்துல உட்கார வெச்சு, ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணா சொல்லிடலாம்."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மியூசியம் ஆற்றின் வளைவில், ஒரு கல்மேட்டின் மேல் இருந்தது. எப்போதோ அந்த வட்டாரத்தை ஆண்ட பிரபுவின் மாளிகை. அவர் காலத்துக்குப் பிறகு தானியக் கிடங்காக இருந்து, அப்புறம் கோர்ட்டாக இருந்து, கடைசியில் அந்த வட்டாரத்து ஓவியர்களும் சிற்பிகளும் செய்தவற்றை வைக்கிற இடமாக ஆகியிருந்தது. சுவரின் கனத்தில் ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை போல உள்ளடங்கி இருந்தது. உட்கார்ந்து பார்க்கக் கல்லிலேயே இருக்கை வெட்டியிருந்தார்கள். படிகளெல்லாம் நடுவில் தேய்ந்து, தலையணை போலக் குழிந்து கிடந்தன.

முதல் கூடத்தில் பிரபுவின் குடும்பத்தார் வரிசையாகச் சட்டத்துக்குள் நின்றார்கள். பிரேக்கம்மா டிராபிக் சிக்னலைத் தாண்டுவது போல ஒவ்வொரு படத்தையும் விறுவிறுவென்று தாண்டினாள். பேக்கரியம்மாவோ ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, வெந்திருக்கிறதா என்று பார்ப்பவள் போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அம்மாவோடு ஓடவும் முடியாமல், அத்தையோடு நிற்கவும் முடியாமல் மகள் நடுவில் தடுமாறினாள்.

"எல்லாருக்கும் ஒரே மூக்கு பாரு" என்றாள் பிரேக்கம்மா, பொதுவாக. "கல்யாணம் பண்ணிட்டு வந்த பொம்பளைங்களுக்கும் அதே மூக்கு. அது எப்படி? வாடகைக்கு எடுத்தாங்களா?"

பேக்கரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் சிரிக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

எல்லாக் கூடங்களுக்கும் பொதுவாக ஒரு காவலாளி இருந்தார். அளவுக்கு மீறிய பெரிய கோட்டு. வருஷக்கணக்காக அந்த அமைதியிலேயே வேலை பார்த்ததில், கிசுகிசு என்பதைத் தவிர வேறு குரலே இல்லாமல் போனவர். "அந்தக் கோடியில இருக்கற ரூமை விட்டுடாதீங்க. இந்த மியூசியத்துலயே பெரிய படம் அங்கதான் இருக்கு" என்று ரகசியம் போலச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மகளுக்கு வயிற்றைப் புரட்டியது. புருஷனின் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருங்க. நாங்க தண்ணி குடிச்சுட்டு வந்துடறோம்" என்று அவன் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

கோடி அறை, கோர்ட்டு இருந்த காலத்தில் நீதிபதி ஓய்வெடுக்கிற அறையாக இருந்ததாம். உள்ளே ஒரு பெஞ்சு, கொக்கி போட்ட ஒரு ஜன்னல். ஒரு சுவர் முழுக்க ஒரே ஓவியம். அடியில் 'சந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. கதவு இரும்புக் குமிழ்கள் பதித்த பாரமான மரக்கதவு. உள்பக்கமாகத் திறந்து, சுவரோடு ஒட்டி நின்றது. அது அசையாதிருக்கக் கீழே ஒரு மர ஆப்பு.

நடந்தது இதுதான். பேக்கரியம்மா படத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் ஒரு மரத்துண்டு. யாராவது தடுக்கி விழப்போகிறார்களே என்று காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள். ஆப்பில்லாத கதவு ஆற்றங்காற்றில் ஆடத் தொடங்கியது. அதன் கீல், பல் பிடுங்குகிற மாதிரிக் கிறீச்சிட்டது. அது பிரேக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்துகிற பழக்கத்தில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள்.

டொம்.

அப்புறம் ஒரு சின்ன 'க்ளிக்'.

இருவரும் திரும்பினார்கள். இத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கதவின் உள்பக்கம் இப்போது அவர்களைப் பார்த்தது. அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'தயவுசெய்து இந்தக் கதவைச் சாத்த வேண்டாம்.'

உள்ளே கைப்பிடி இல்லை. பிரேக்கம்மா கதவைத் தட்டினாள், தள்ளினாள், நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சாவித்துவாரத்தின் வழியாகக் கிசுகிசுப்பு வந்தது.

"அம்மா, சாத்திட்டீங்களா?"

"சாத்திக்கிச்சு. திறங்க!"

"சாவி பொறுப்பாளர் மேடம்கிட்ட இருக்கு. அவங்க ஒரு படத்துக்குச் சட்டம் போட்டதை வாங்கிட்டு வர ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்காங்க. போன் பண்ணினா, போன் அவங்க மேஜையில அடிக்குது."

"இன்னொரு சாவி இருக்குமே?"

"இருக்குதும்மா. கீழ கண்ணாடிப் பெட்டியில, பழங்காலத்துச் சாவின்னு காட்சிக்கு வெச்சிருக்கோம்."

"அதை எடுங்க!"

"கண்ணாடிப் பெட்டியோட சாவியும் மேடம்கிட்டதான் இருக்கு."

"அப்ப கதவை உடைங்க. உடைச்ச கதவுக்கு நான் பொறுப்பு."

 வெளியேயிருந்து குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "இந்தக் கதவும் காட்சிப் பொருள்தாம்மா. இதுல ஒரு சிராய் போனாலும் என் தோலை உரிச்சுடுவாங்க. நான் வாசல்ல போய் நின்னு மேடம் வராங்களான்னு பார்க்கறேன்."

காலடி ஓசை தேய்ந்து மறைந்தது. அறைக்குள் சம்பந்திகள் இரண்டு பேர். தபால்காரி இல்லை.

பேக்கரியம்மா பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். சந்தைப் படத்தில், முன்வரிசையில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். அவளைப் பார்த்து, "ஏம்மா, யாராவது கதவைப் போய் இப்படி அறைஞ்சு சாத்துவாங்களா?" என்றாள்.

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்த பிரேக்கம்மாவும் அந்தக் கூடைக்காரியைத்தான் பார்த்தாள். "கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஆப்பைக் காலால எத்தினது யாருன்னு கேளும்மா."

"தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லு."

"நானும் தெரியாமதான் சாத்தினேன்னு சொல்லு."

"எல்லாத்தையும் தெரியாமதான் செய்வாங்களாம்மா. பிரேக்கையும் தெரியாமதான் போட்டாங்களாம்."

பிரேக்கம்மா விருட்டென்று எழுந்தாள். கூடைக்காரி மறந்தே போனாள். "தெரிஞ்சுதாங்க போட்டேன்! நாய் வந்தா போடாம என்ன பண்றது? ஏத்திட்டுப் போகவா? கல்யாணத்தன்னிக்கு?"

"நாய் வந்திருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா?"

"உங்க முகம் பூரா க்ரீமு! நாய் என்ன, யானை வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது!"

"அந்த க்ரீமை நான் ராத்திரி பூரா கண் முழிச்சு அடிச்சேன். என் கையால ஒரு பூ ஒரு பூவா வெச்சேன். உங்களுக்கென்ன, ஒரு மிதி மிதிச்சுட்டீங்க!"

"கேக்கைச் சரியா கட்டியிருந்தா ஏன் சரியுது?"

"வண்டியைச் சரியா ஓட்டியிருந்தா ஏன் கட்டணும்?"

தொண்டையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கல் அறைக்குள் கணீர் கணீரென்று எதிரொலித்தது. மகளும் மருமகனும் மேலே ஏறி வருவதற்குள் சத்தம் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது. கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரபு குடும்பத்தின் மூக்குகளை விட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார்கள். காவலாளி வாசலிலிருந்து ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்துக் கதவிடமே "உஷ், உஷ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா!" என்றாள் மகள்.

உள்ளே கேட்கவில்லை. "நாய் என்ன கலர்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று பேக்கரியம்மாவின் குரல் வந்தது.

"அத்தை! அம்மா! கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

"பழுப்பு! வால்ல வெள்ளை!"

மகள் புருஷனைப் பார்த்தாள். அவன் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தான். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான் முழுகாம இருக்கேன்!"

அந்தக் குரல் கூடத்து விட்டத்தில் மோதி, கடைசிப் படம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.  எல்லாரையும் முந்திக்கொண்டு, உதட்டில் வைத்த விரலை எடுக்காமலேயே காவலாளி கிசுகிசுத்தார்: "ரொம்ப சந்தோஷம்மா."

உள்ளே இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்ன சொன்னா?" என்றாள் பேக்கரியம்மா.

"எனக்குக் கேட்டதுதான் உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள் பிரேக்கம்மா.

அடுத்த நொடி இருவரும் கதவில் இருந்தார்கள். "எத்தனை மாசம்?" என்று இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டன.

"மூணு நடக்குது. தோட்டத்துல உட்கார வெச்சு அழகா சொல்லணும்னு இருந்தோம்." மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. "நீங்கதான் அதுக்குள்ள இப்படி!"

"முதல்ல யாருக்குடி சொன்னே?" பிரேக்கம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதாம்மா. வேணும்னா கதவுக்கு முதல்லன்னு வெச்சுக்கோங்க."

கட்டிப்பிடித்துக்கொள்ள மகள் இந்தப் பக்கம் இல்லை. நெற்றியில் முத்தம் கொடுக்க மருமகள் கைக்கு எட்டவில்லை. இருந்த சந்தோஷத்தை என்ன செய்வது, எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரேக்கம்மா திரும்பினாள். பேக்கரியம்மாவும் திரும்பினாள். யார் முதலில் கையை நீட்டியது என்று பிற்பாடு இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. பேக்கரியம்மாவின் கைப்பை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விலாவில் குத்தியது. அதைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

"பாட்டி ஆயிட்டோம் சம்பந்தி" என்றாள் பேக்கரியம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆமா" என்றாள் பிரேக்கம்மா. 

பிறகு இருவரும் ஒருசேரக் கதவைப் பார்த்துக் கத்தினார்கள். "நின்னுக்கிட்டே இருக்காதே! போய் உட்காரு! மாப்பிள்ளை, அவளைக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க!" "டேய், ஏதாவது சாப்பிடக் கொடுடா அவளுக்கு!"

வெளியே சத்தம் அடங்கியது. கூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்கள் போல. இவர்களும் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை ஆளுக்கொரு முனையில் இல்லை. செய்வதற்கு வேறு வேலையும் இல்லாததால், எதிரே இருந்ததைப் பார்த்தார்கள்.

ரொம்பப் பெரிய படம். மரத்தடியில் கூடைக்காரிகள், பானை அடுக்குகிறவன், தராசைத் தூக்கிப் பிடித்தவன், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்கிற ஒருத்தி. தூரத்தில் ஆறு. எல்லார் முகத்திலும் ஒரு பக்கமாக மஞ்சள் வெளிச்சம்.

"சாயங்காலம்" என்றாள் பிரேக்கம்மா. "கடையைக் கட்டற நேரம்."

"விடியக்காலை" என்றாள் பேக்கரியம்மா. "நான் தினமும் அந்த நேரத்துக்குத்தானே அடுப்புக்கு முன்னால நிக்கறேன். அந்த வெளிச்சம் எனக்குத் தெரியாதா?"

"கூடையெல்லாம் பாதி காலியா இருக்கே? காலையிலேயே வித்துடுச்சா?"

"இன்னும் வந்து இறங்கலையோ என்னவோ."

இருவரும் எழுந்து போய்க் கிட்டத்தில் நின்று பார்த்தார்கள். அப்படியும் தீரவில்லை. விடியல் என்று பார்த்தால் விடியலாக இருந்தது. சாயங்காலம் என்று பார்த்தால் சாயங்காலமாக இருந்தது. அதைப் பற்றி ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

"அந்தத் தராசுக்காரன் முழியே சரியில்ல" என்றாள் பேக்கரியம்மா.

"அவனை விடுங்க. அந்த நாய் அவன் காலைப் பார்த்துக்கிட்டு இருக்கு பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கவ்வப் போகுது."

"எந்த நாய்?"

கேட்டதும் இருவருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரியம்மா மறுபடியும் படத்தின் மேலிருந்து கீழ் வரை தேடினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "விளையாடாதீங்க. நாயெல்லாம் இல்ல."

பிரேக்கம்மா அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தினாள். "நடுவுல பார்க்காதீங்க. ஓரத்தைப் பாருங்க. பானைக்குப் பின்னால, நிழல்ல. ரெண்டு காது தெரியுதா?"

பேக்கரியம்மா வாயைப் பிளந்தாள். இருந்தது. நிழலோடு நிழலாக, பதுங்கி, காதை விறைத்துக்கொண்டு ஒரு நாய். ஒரு தடவை கண்ணில் பட்ட பிறகு, படத்தில் அது ஒன்றுதான் இருப்பது போலத் தெரிந்தது.

"இவ்வளவு நேரம் இங்கயேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

"எனக்கு அது பொழப்பு. வண்டியில உட்கார்ந்தா கண்ணு தானா ஓரத்துக்குப் போயிடும். எது எப்ப குறுக்க வரும்னு யார் கண்டா?"

பேக்கரியம்மா இன்னொரு தடவை அந்த இரண்டு காதையும் பார்த்தாள். பிறகு, "சரி. நாய் வந்திருக்கும்" என்றாள்.

"வந்துச்சு."

"வந்துச்சுன்னே வெச்சுக்கறேன். ஆனா கேக்கை நான் நல்லாதான் கட்டினேன்."

"நல்லாதான் கட்டியிருந்தீங்க. அடி அடுக்கு அசையவே இல்லையே. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நாயை இடிச்சிருப்பேனோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல். அந்தப் பயத்துல என்ன பேசினேன்னே தெரியல."

"பூவெல்லாம் பார்த்தீங்களா? சரியறதுக்கு முன்னாடி?"

"பார்த்தேன். நிஜப் பூன்னு நினைச்சு மோந்தே பார்த்தேன்."

அந்த ஒரு வார்த்தை பேக்கரியம்மாவின் வயிற்றில் பாலை வார்த்தது.

கொஞ்ச நேரம் ஆயிற்று. பேறுகாலத்துக்கு யார் எப்போது வந்து தங்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, பேக்கரியம்மா பேச்சை நிறுத்தினாள். "ஏன் சம்பந்தி, கிளச்சு மிதிக்கற மாதிரிக் காலை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

பிரேக்கம்மா முகம் சிவந்தாள். "காலையில ரெண்டு டீ குடிச்சேன். வந்ததுலேர்ந்தே பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்கணும்னு இருந்தேன். இனிமே தாங்காது போலிருக்கு."

பேக்கரியம்மா பரபரவென்று எழுந்து ஜன்னலிடம் போனாள். கொக்கியைத் தூக்கிக் கதவைத் தள்ளினாள். வெளிச்சுவரில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஒட்டினாற்போல இரும்புச் சாரம், பலகைத் தளம், இடுப்பளவுக்குக் கம்பி. பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, திடீரென்று முளைத்த தலையைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட எழுந்தார்.

"அண்ணே, இது வழியா கீழ இறங்க முடியுமா? அவசரம்!"

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "படி இருக்குதும்மா. கைப்பிடியும் இருக்கு. பயப்படாம வாங்க" என்று இரண்டு தலைக்கவசங்களை எடுத்து நீட்டினார்.

பிரேக்கம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஜன்னல் இருக்கையில் ஏறி, மறுபக்கம் ஒரே எட்டில் பலகையில் நின்றாள். பேக்கரியம்மா ஜன்னலில் ஏறியதோடு சரி. பலகை இடுக்கு வழியாகத் தோட்டம் எங்கோ பாதாளத்தில் தெரிந்தது. இரண்டு கையாலும் ஜன்னல் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஓடுங்க. நான் இங்கயே இருக்கேன். எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்."

"தனியா விட்டுட்டா? வாங்க."

"உங்களுக்கு அவசரம்!"

"அதை நான் பார்த்துக்கறேன். கையைக் கொடுங்க. கீழ பார்க்காதீங்க, தூரத்துல ஆத்தைப் பாருங்க. முதல் தடவை ஸ்டியரிங் பிடிக்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெதுவா. இடது கால். அவ்வளவுதான். இப்ப வலது."

"எனக்கு லைசென்ஸ் வேண்டாம், உயிர் இருந்தா போதும்!"

"ரெண்டும் கிடைக்கும். வாங்க. அப்படித்தான். பிரேக் போடாதீங்க!"

ஒவ்வொரு படியிலும் பேக்கரியம்மா நின்றாள். ஒவ்வொரு படியிலும் பிரேக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, ஆனாலும் பொறுமையாக, "ரொம்ப நல்லா இறங்கறீங்க, இன்னும் ஒண்ணு" என்றாள். கால் தரையில் பட்டதும் பேக்கரியம்மா, "பட்டுடுச்சு! ஓடுங்க!" என்று கத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் பிரேக்கம்மா தோட்டத்தின் குறுக்காக ஓடிய ஓட்டத்தை, மேஸ்திரி வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

இதற்குள் மேலே வேறு கவலை. அறைக்குள்ளிருந்து வெகுநேரமாக ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா?" என்றான் மகன் சாவித்துவாரத்தில். "அம்மா! அத்தை!"

பதில் இல்லை. அவன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு முகம் வெளுத்தது. "ஒருத்தரை ஒருத்தர் ஏதாவது பண்ணிக்கிட்டாங்களா?"

"சேச்சே. கோவிச்சுக்கிட்டுப் பேசாம உட்கார்ந்திருப்பாங்க."

"எங்க அம்மாவா? பேசாமலா?"

அந்த நேரத்தில்தான் பொறுப்பாளர் மேடம், கக்கத்தில் சட்டம் போட்ட படமும் கையில் சாவிக்கொத்துமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். பூட்டு முனகியது. கதவு திறந்தது. எல்லாரும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சு இருந்தது. படம் இருந்தது. ஆள் இல்லை. காவலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன கூட்டம் இங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைக்கவசத்தோடு இரண்டு சம்பந்திகள், கைகோத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி வந்து நின்றார்கள். மகளைப் பார்த்ததும் கோத்த கையை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலாக அவளிடம் ஓடினார்கள். ஒருத்தி கன்னத்தைப் பிடித்தாள். ஒருத்தி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இரண்டு தலைக்கவசமும் டங்கென்று மோதிக்கொண்டன. கூடத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சத்தம் போடக்கூடாது என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பொறுப்பாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டுக்கேட்டு, தன் அறைக்குக் கூட்டிப்போய் டீ வரவழைத்தாள். பிரேக்கம்மா மட்டும் டீயை மரியாதையாக மறுத்துவிட்டாள். "உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்துட்டோம். வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டாள் பொறுப்பாளர்.

"வீட்டுக்கா?" பேக்கரியம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "மேல்மாடியில சிற்பமெல்லாம் இருக்குன்னு போட்டிருக்கே? நாங்க ஒரு கூடமும் ஒரு ரூமும்தான் பார்த்திருக்கோம்."

மகளும் மருமகனும் தோட்டத்து நிழலில், முன்பே யோசித்து வைத்திருந்த அந்த இடத்தில், இரண்டு பேராகவே போய் உட்கார்ந்தார்கள். சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. அவன் காலை நீட்டிக்கொண்டான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மேல்மாடியில், வெள்ளைக் கல்லில் செதுக்கிய ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் தரையில் அழுந்தி, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை முதுகுக்குப் பின்னால் மடங்கி. சம்பந்திகள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

"தலைக்கு அடியில ஒரு துணியாவது மடிச்சு வெச்சிருக்கலாம்" என்றாள் பேக்கரியம்மா.

"கல்லுக்கா?"

"கல்லா இருந்தா என்ன? கழுத்து வலிக்காதா?"

பிரேக்கம்மா யோசித்தாள். "அந்தக் கையையும் கொஞ்சம் முன்னால எடுத்து விட்டிருக்கணும். மரத்துப் போயிடும்" என்றாள்.